கடைசி வரிசை வரை கேட்ட குரல்: ஃபிரெடி மெர்க்குரி ஓர் அரங்கையே பாட வைத்தது எப்படி?

நீங்கள் கடைசியாகப் போன இசைநிகழ்ச்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

தேசிய விளையாட்டரங்கமோ, புக்கிட் ஜாலிலோ, எங்கேயாவது இருக்கட்டும். டிக்கெட் கிடைத்ததே பெரிய விஷயம். இருக்கை எங்கே? மேலே, கூரைக்குப் பக்கத்தில். மேடையில் ஆடிப்பாடுகிறவர் உங்கள் சுண்டுவிரல் உயரம்தான் தெரிவார். பாதி நேரம் அவரை விட்டுவிட்டுப் பெரிய திரையைத்தான் பார்த்திருப்பீர்கள்.

ஆனாலும் ஒரு கட்டத்தில் அவர் மைக்கை உங்கள் பக்கம் நீட்டுகிறார். பக்கத்தில் இருப்பவர் யார் என்றே தெரியாது. இருந்தாலும் சேர்ந்து கத்திப் பாடுகிறீர்கள். மறுநாள் தொண்டை கட்டிக்கொள்கிறது. பத்து வருஷம் கழித்தும் அந்த இரவில் உங்களுக்கு ஞாபகம் இருக்கப்போவது அந்த நிமிடம்தான்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் ஃபிரெடி மெர்க்குரி இல்லை. நம்மூர் பஜனையில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிப் பாடுவது காலங்காலமாக நடப்பதுதானே! ஆனால் எழுபதாயிரம் பேர் கூடிய திறந்தவெளி அரங்கில், பட்டப்பகலில், ஒரே ஆளாக நின்று அதை அவர் செய்துகாட்டிய விதத்தை இன்றுவரை பாடகர்கள் பார்த்துப் படிக்கிறார்கள்.

அவர் இறந்து 30 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நீங்கள் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இருந்தும் 'குவீன்' குழுவின் இரண்டு தட்டு, ஒரு கைதட்டல் உங்களுக்குத் தெரியும். பள்ளி விளையாட்டு விழாவில் நீங்களே தட்டியிருப்பீர்கள்.

யார் இந்த ஆள்?

ஃபரோக் ஃபிரெடி ஆன கதை

1946ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி, கிழக்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள சான்சிபார் தீவில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஃபரோக் புல்சாரா. குஜராத்தின் புல்சார் ஊரை வேராகக் கொண்ட பார்சிக் குடும்பம். அப்பா பொமி பிரிட்டிஷ் அரசாங்க அலுவலகத்தில் காசாளர். அம்மா ஜெர். தங்கை கஷ்மீரா.

எட்டு வயதில் பையனைக் கப்பலேற்றிவிட்டார்கள். மும்பைக்கு அருகே மலைமேல் இருக்கும் பஞ்ச்கனியில் விடுதிப்பள்ளி. நினைத்தவுடன் வீட்டுக்கு வர முடியாது. நடுவில் ஒரு கடலே கிடந்தது. விடுமுறை வந்தால் பெரும்பாலும் மும்பையில் உறவினர் வீடுதான்.

அங்கே பியானோ கற்றுக்கொண்டார். நண்பர்கள் ஃபிரெடி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். 12 வயதில் பள்ளித் தோழர்களோடு சேர்ந்து 'ஹெக்டிக்ஸ்' என்ற இசைக்குழு. லிட்டில் ரிச்சர்ட், கிளிஃப் ரிச்சர்ட் பாடல்களை வாசித்தார்கள். ஒரு வேடிக்கை, அந்தக் குழுவில் முன்னால் நின்று பாடியது வேறொரு பையன். ஃபிரெடி பியானோவோடு சரி.

1963இல் சான்சிபார் திரும்பினார். நிம்மதி நிலைக்கவில்லை. 1964 ஜனவரியில் அங்கே புரட்சி வெடித்தது. அரபு வம்சாவளியினரும் இந்திய வம்சாவளியினரும் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். புல்சாரா குடும்பம் கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குத் தப்பியது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள ஃபெல்தம் பகுதியில் ஒரு சின்ன வீடு.

அப்போது ஃபிரெடிக்கு 17 வயது. புது நாடு. பழுப்பு நிறத் தோல், விந்தையான பெயர், துருத்திய பற்கள். வாயில் நான்கு பற்கள் கூடுதலாக முளைத்திருந்தன. பிற்காலத்தில் கையில் பணம் புரண்டபோதும் அவற்றைப் பிடுங்க அவர் சம்மதிக்கவில்லை. குரல் மாறிவிடுமோ என்ற பயம்.

ஹெண்ட்ரிக்ஸ் பின்னால் அலைந்த மாணவர்

1966 செப்டம்பரில் இரண்டு பேர் லண்டனில் புது வாழ்க்கையைத் தொடங்கினார்கள். ஒருவர் ஈலிங் ஓவியக் கல்லூரியில் சேர்ந்த ஃபிரெடி. இன்னொருவர் அமெரிக்காவிலிருந்து ஒரு கிட்டாரோடு வந்து இறங்கிய ஜிமி ஹெண்ட்ரிக்ஸ்.

ஹெண்ட்ரிக்ஸ் இடக்கைக்காரர். வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசிப்பார். பல்லாலும் வாசிப்பார், முதுகுக்குப் பின்னால் வைத்தும் வாசிப்பார். சில மாதங்களிலேயே லண்டனின் பெரிய கிட்டார் கலைஞர்கள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு அவர் முன் நின்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஃபிரெடியும் நின்றார், ஒருமுறை இரண்டுமுறை இல்லை. ஹெண்ட்ரிக்ஸ் வாசிக்கும் இடங்களை மீண்டும் மீண்டும் தேடித் தேடிப் போனார். அறைச் சுவரெல்லாம் ஹெண்ட்ரிக்ஸ். கல்லூரியில் வரைந்த படங்களிலும் ஹெண்ட்ரிக்ஸ். உங்கள் அறையில் கே-பாப் போஸ்டரோ அனிருத் படமோ ஒட்டியிருந்தால், இந்த மனுஷரை உங்களுக்குப் புரியும்.

ஃபிரெடியைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஆண்டுகளை அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ எல்லாமே இங்கேதான் இருக்கிறது என்று தோன்றுகிறது. வெளியிலிருந்து வந்த, வெள்ளையர் அல்லாத ஓர் ஆள், மேடையேறிய மறுநொடி அந்த இடத்தையே தனதாக்கிக்கொள்வதை ஃபிரெடி கீழே நின்று பார்த்தார். கூட்டத்துக்கு எந்த நொடியில் சிலிர்க்கிறது, எப்போது அலுத்துப்போகிறது, ஒரு பார்வைக்காக அது எப்படி ஏங்குகிறது என்பதெல்லாம் கூட்டத்துக்குள் நின்றவருக்குத்தானே தெரியும்?

1969இல் கல்லூரி முடிந்தது. கையில் காசில்லை. கென்சிங்டன் சந்தையில் ரோஜர் டெய்லர் என்ற டிரம்ஸ் கலைஞரோடு சேர்ந்து பழைய துணிகள் விற்கும் ஒரு கடை. ஹீத்ரோ விமான நிலையத்தில் பெட்டி தூக்கும் வேலையும் பார்த்தார். 1970 செப்டம்பர் 18ஆம் தேதி ஹெண்ட்ரிக்ஸ் 27 வயதில் இறந்த செய்தி வந்தபோது, துக்கம் தாளாமல் இருவரும் அந்தக் கடையை மூடினார்கள்.

கீழே இருந்தவர் மேலே வந்தார்

டெய்லரும் பிரையன் மே என்ற கிட்டார் கலைஞரும் 'ஸ்மைல்' என்ற குழுவை நடத்திக்கொண்டிருந்தார்கள். ஃபிரெடி அதற்கும் விடாத ரசிகர். உடை இப்படி இருக்கணும், மேடையில் அப்படி நிற்கணும் என்று கேட்காமலேயே ஆலோசனை சொல்வார். 1970இல் அந்தக் குழுவின் பாடகர் விலகினார். ஆலோசனை சொன்னவரே மைக்கைப் பிடித்தார்.

குழுவின் பெயரை 'குவீன்' என்று மாற்றினார். தன் பெயரை மெர்க்குரி என்று மாற்றிக்கொண்டார். 1971இல் பேஸ் கிட்டார் வாசிக்க ஜான் டீக்கன் வந்து சேர்ந்தார். அதன்பின் கடைசிவரை இந்த நால்வர்தான். குழுவின் சின்னத்தை வரைந்ததுகூட ஃபிரெடிதான். ஓவியக் கல்லூரிக் கட்டணம் வீண்போகவில்லை.

அந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்றில் மைக் தாங்கி நடுவில் உடைந்தது. வேறொருவராக இருந்தால் புதுசு கேட்டிருப்பார். இவர் கையில் நின்ற மேல்பாதியோடு பாடி முடித்தார். பாரமில்லை, ஓடலாம், வாள் மாதிரி சுழற்றலாம், கிட்டார் மாதிரி பிடிக்கலாம். அந்தப் பாதிக் கம்பியை அவர் கடைசிவரை கீழே வைக்கவில்லை.

1975இல் 'போஹீமியன் ராப்சடி' வந்தது. கிட்டத்தட்ட ஆறு நிமிடப் பாட்டு. மூன்று நிமிடத்தில் முடிந்தால்தான் வானொலியில் போடுவார்கள் என்ற காலம் அது. பல்லவி திரும்பி வராது. மெல்லிய பியானோவில் தொடங்கி, நடுவில் ஓபரா, பிறகு கடும் ராக் என்று போகும். அந்த ஓபராப் பகுதிக்காக மூன்று பேரின் குரல்களையே ஒன்றன்மேல் ஒன்றாகத் திரும்பத் திரும்பப் பதிவுசெய்தார்கள். ஒலிநாடா தேய்ந்து மெலிந்துபோகும் அளவுக்கு! பிரிட்டனில் ஒன்பது வாரம் அது முதலிடத்தில் இருந்தது.

சரி, இத்தனை குரல்களை மேடையில் எப்படிப் பாடுவது? முடியாது. அவர்கள் ஏமாற்றப் பார்க்கவில்லை. ஓபராப் பகுதி வந்ததும் நால்வரும் மேடையை விட்டு இறங்கிப் போய்விடுவார்கள். பதிவுசெய்த ஒலியும் விளக்கும் மட்டும். ராக் பகுதி வெடிக்கும் நொடியில் புகைக்கு நடுவே திரும்பிப் பாய்ந்து வருவார்கள். உதட்டை மட்டும் அசைத்துச் சமாளிப்பதைவிட இது எவ்வளவோ மேல் இல்லையா?

1976இல் லண்டன் ஹைட் பார்க்கில் ரசிகர்களுக்கு நன்றி சொல்ல ஓர் இலவச நிகழ்ச்சி நடத்தினார்கள். ஏறக்குறைய 150,000 பேர் வந்ததாகக் கணக்கு. நேரம் கடந்துவிட்டது. இன்னொரு பாட்டுக்காக மேடையேறினால் கைதுதான் என்று போலீஸ் மிரட்டும் அளவுக்குப் போனது. தேதியைப் பாருங்கள், செப்டம்பர் 18. ஆறு ஆண்டுக்கு முன் அதே நாளில்தான் ஹெண்ட்ரிக்ஸுக்காகக் கடையை மூடினார்கள்.

கூட்டம் பாடியபோது

1977இல் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட் நகரில் நிகழ்ச்சி முடிந்து குழுவினர் இறங்கிவிட்டார்கள். ஆனால் கூட்டம் கலையவில்லை. காற்பந்து ரசிகர்கள் பாடும் ஒரு பாட்டை எல்லாரும் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள், மேடையில் யாருமே இல்லாதபோது!

அக்காலத்து ராக் குழுக்கள் கூட்டம் கூடவே பாடினால் முகம் சுளிக்கும். ரசிகர் வேலை கேட்பதுதான் என்று நினைப்பு. குவீன் அன்றிரவு வேறுமாதிரி யோசித்தது. இவர்கள் பாடத்தான் போகிறார்கள் என்றால், இவர்களுக்கென்றே பாட்டு எழுதினால் என்ன?

அதிலிருந்து வந்தவைதான் 'வீ வில் ராக் யூ', 'வீ ஆர் த சாம்பியன்ஸ்'. முதலாவதை மே எழுதினார். அதன் தாளத்துக்கு வாத்தியமே வேண்டாம், நெருக்கியடித்து நிற்கிறவருக்கும் காலும் கையும் இருந்தால் போதும். இரண்டாவது ஃபிரெடி எழுதியது. உலகக் கிண்ணமோ, உங்கள் பள்ளிப் பூப்பந்துப் போட்டியோ, வென்றவுடன் ஒலிக்கிறதே, அது.

1981இல் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் ஒரே இரவில் 131,000 பேர் திரண்டார்கள். அங்கே பேசுவது போர்த்துகீசிய மொழி. 'லவ் ஆஃப் மை லைஃப்' என்ற ஆங்கிலப் பாட்டை ஃபிரெடி தொடங்கிவிட்டு நிறுத்தினார். மீதியைக் கூட்டம் பாடியது, சொல் பிசகாமல். மேரி ஆஸ்டினை மனத்தில் வைத்து அவர் எழுதியதாகப் பரவலாக நம்பப்படும் பாட்டு அது. காதலி என்ற உறவு முடிந்த பிறகும் மேரி அவருடைய வாழ்நாள் தோழியாகவே இருந்தார்.

எல்லாமே பெருமைக்குரிய கதை இல்லை. 1984இல் குவீன் தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் பாடப் போனது. நிறவெறி ஆட்சி நடந்த காலம். அங்கே போகவேண்டாம் என்று கலைஞர்களுக்கு ஐக்கிய நாட்டு நிறுவனம் வேண்டுகோள் விடுத்திருந்தது. பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கம் குழுவுக்கு அபராதம் போட்டது. தாங்கள் அரசியல் பேச வரவில்லை என்று குழு விளக்கம் சொன்னது. ஏற்கும்படியான விளக்கம் இல்லை அது. இன வெறுப்பால் ஊரைவிட்டு ஓடிவந்த குடும்பத்தின் பிள்ளை அந்த மேடையில் நின்றது இன்றும் உறுத்துகிறது.

ஆக 1985 நடுவில் குவீன் கொஞ்சம் மங்கிப்போன குழுதான். அவ்வளவுதான், இவர்கள் காலம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள்.

அந்த 21 நிமிடம்

எத்தியோப்பியாவில் கடும் பஞ்சம். நிதி திரட்ட பாப் கெல்டோஃபும் மிட்ஜ் யூரும் 'லைவ் எய்ட்' நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்தார்கள். 1985 ஜூலை 13, லண்டன் வெம்பிளி அரங்கத்திலும் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில். துணைக்கோளம் வழியே நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு நேரலை. சமூக ஊடகமே இல்லாத காலத்தில் உலகம் ஒரே நேரத்தில் ஒன்றைப் பார்ப்பது எவ்வளவு பெரிய சங்கதி என்று யோசியுங்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் 20 நிமிடம் போல நேரம். வெம்பிளியில் 72,000 பேர், குவீனைப் பார்க்கவென்றே வந்த கூட்டம் இல்லை அது. மாலை 6.41 மணி, லண்டன் கோடையில் நல்ல வெளிச்சம். புகை, விளக்கு என்று எதற்கும் வழியில்லை.

மற்றவர்கள் பலர் வந்ததும் வாசித்துவிட்டுப் போனார்கள். குவீன் மட்டும் ஷா தியேட்டர் என்ற அரங்கை எடுத்து, கடிகாரம் வைத்து ஒத்திகை பார்த்தது. பாட்டுகளை வெட்டி, ஒட்டி, ஒரு நொடிகூட வீணாகாமல் கோத்தார்கள். புதுப்பாட்டு கிடையாது. 'போஹீமியன் ராப்சடி'யின் முதல் பகுதி மட்டும். ஓபரா வருமுன்பே அடுத்த பாட்டு.

அதுதான் டெய்லர் எழுதிய 'ரேடியோ கா கா'. அதன் காணொளியில் கூட்டம் தலைக்குமேல் இரண்டு முறை கைதட்டும். வெம்பிளியில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 72,000 பேரின் கைகளும் ஒன்றாக எழுந்தன. இணையத்தில் அந்தக் காணொளி இருக்கிறது. பாடுகிறவரைப் பார்ப்பதை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, அந்தக் கைகளை மட்டும் பாருங்கள்.

பிறகு வாத்தியங்கள் எல்லாம் நின்றன. வெள்ளை பனியன், வெளிறிய ஜீன்ஸ், கையில் பாதிக் கம்பி. ஃபிரெடி ஓர் ஓசையை வீசினார், கூட்டம் திருப்பிக் கொடுத்தது. இன்னும் நீளமாக ஒன்று. அதையும் கொடுத்தது. சொல்லே இல்லாத ஓசை என்பதால் ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. எல்லாராலும் தொடக்கூடிய இடத்தில் ஆரம்பித்து, மெல்ல உயரத்துக்குக் கூட்டிப் போனார். கடைசியில் யாராலும் முடியாத ஒன்றைப் பாடி, அவர்கள் திணறுவதை ரசித்து, விளையாட்டை முடித்தார். மிரட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. தன்னோடு விளையாட வந்தவர்களாகவே கூட்டத்தை நடத்தினார். ஹெண்ட்ரிக்ஸ் முன் நின்ற அந்த மாணவர் அங்கே ஞாபகத்துக்கு வருகிறார்.

மொத்தம் ஏறத்தாழ 21 நிமிடம். ராக் வரலாற்றின் மிகச் சிறந்த மேடை எது என்ற கேள்விக்கு இன்றும் பலர் சொல்லும் பதில் அதுதான்.

மறு ஆண்டு ஐரோப்பா முழுவதும் 26 நிகழ்ச்சிகள். இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம், ஹங்கேரியின் புடாபெஸ்டிலும் பாடினார்கள். 1986 ஆகஸ்ட் 9, இங்கிலாந்தின் நெப்வொர்த் பூங்காவில் 120,000க்கும் அதிகமானோர். மேலங்கியும் கிரீடமும் அணிந்து விடைபெற்றார். அதுவே குவீனோடு அவருடைய கடைசி நிகழ்ச்சி என்று யாருக்கும் தெரியாது.

மேடை இல்லாத ஆண்டுகள்

1987இல் அவருக்கு எச்ஐவி கிருமித்தொற்று உறுதியானது.

இன்று அதற்கு நல்ல மருந்து இருக்கிறது. சிகிச்சையைத் தொடர்ந்தால் நீண்டகாலம் வாழலாம். ஆனால் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் அந்தச் சிகிச்சை வந்தது 1996இல். அவர் காலத்தில் அந்த நோய் என்றால் மரணம், கூடவே ஊரார் வாயில் அவமானம். செய்தியாளர்கள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தார்கள். தன் குடும்பம், தன் வேர், யாரோடு வாழ்கிறார் என்பதையெல்லாம் அவர் எப்போதுமே மூடித்தான் வைத்திருந்தார். கடைசி ஆண்டுகளில் உடனிருந்த ஜிம் ஹட்டனைப் பற்றியும் வெளியில் பேசவில்லை. லட்சம் பேர் முன்னால் கூச்சமே இல்லாதவர், நேர்காணல் என்றால் ஒதுங்கிப்போவார்.

இந்தக் காலத்திலும் உள்ளே இருந்த ரசிகர் சாகவில்லை. முன்பு, 1983இல், பவரோட்டியைக் கேட்க லண்டன் ஓபரா அரங்குக்குப் போயிருந்தார். அங்கே ஸ்பெயினின் மொன்செராட் கபாயே பாடினார். பவரோட்டியைக் கேட்கப் போனவர் கபாயேயின் குரலில் விழுந்துவிட்டார். நான்கு ஆண்டு கழித்து பார்சிலோனாவில் அவரைச் சந்தித்து, பியானோவில் தன் இசையைக் காட்டினார். இருவரும் சேர்ந்து ஓர் ஆல்பமே செய்தார்கள். ராக் பாடகரும் ஓபராப் பாடகியும் சேர்ந்து பாடுவதா என்று கேட்டவர்கள் அதைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்கள். 1988 அக்டோபரில் பார்சிலோனாவில் கபாயேயுடன் தோன்றியதுதான் அவர் ஏறிய கடைசிப் பெருமேடை.

அதன்பின் ஒலிப்பதிவுக்கூடம் மட்டும். சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரூ நகரில், ஏரிக்கரையோரம். நிற்கவே சிரமப்பட்ட உடம்போடு, எழுத எழுத உடனே பாடிக்கொடுத்தார். நான் போனபின் நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் ஏற்பாடு.

1991 நவம்பர் 23ஆம் தேதி தமக்கு எய்ட்ஸ் இருப்பதை அறிக்கையில் தெரிவித்தார். மறுநாள் மாலை கென்சிங்டன் வீட்டில் காலமானார். வயது 45. இறுதிச்சடங்கைப் பார்சி மத குருமார்கள் நடத்தினார்கள். மெர்க்குரியை உலகம் வழியனுப்பியது, ஃபரோக்கைக் குடும்பம் வழியனுப்பியது.

1992 ஏப்ரல் 20ஆம் தேதி அதே வெம்பிளி மீண்டும் நிரம்பியது. எல்டன் ஜான், டேவிட் போவி, ஜார்ஜ் மைக்கேல் எல்லாரும் அவர் பாட்டுகளைப் பாடினார்கள். எய்ட்ஸ் ஒழிப்புக்காக 'மெர்க்குரி ஃபீனிக்ஸ் அறக்கட்டளை' உருவானது. மேயும் டெய்லரும் பின்னாளில் ஆடம் லாம்பர்ட்டைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 2016இல் சிங்கப்பூர் படாங் திடலிலும் வாசித்தார்கள். ஃபிரெடி இருந்த காலத்தில் குவீன் இந்தப் பக்கம் வந்ததே இல்லை.

மோன்ட்ரூவில் அவர் கடைசியாகப் பாடியது 'மதர் லவ்' என்ற பாட்டு. கடைசிச் சரணத்துக்கு முன் களைத்துப்போய், பிறகு வந்து முடிக்கிறேன் என்று கிளம்பினார். வரவில்லை. அந்தச் சரணத்தை மே பாடினார். 1995இல் பாட்டு வெளிவந்தது. நேரம் இருந்தால் முழுசாகக் கேளுங்கள். முடியும் இடத்தில் இன்னோர் ஒலியும் சேர்ந்திருக்கும். 1986இல் வெம்பிளியில் பதிவானது. ஃபிரெடி சொல்லில்லாமல் குரல் கொடுக்கிறார், எதிரே இருக்கும் கூட்டம் அதைத் திருப்பிப் பாடுகிறது.